எலி மருந்து

கடைப்பையன் கேட்டதும்
கீழ்த்தட்டிலிருந்து கேக்கை எடுத்து வைத்தான்.
"நைட்டு வெச்சிடுக்கா.
காலைல வெளிய போய் செத்துக் கெடக்கும்."

நான் சீட்டை நீட்டினேன்.
டாக்ஸிசைக்ளின், பதினாலு நாள்.
பெயர் பட்டாணி.
எடை முந்நூற்றுப் பத்து கிராம்.
மொய்தீன் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு தரம் படித்தார்.
"பொழைக்க வெக்கறதுக்கா?"
ஆமாம் பாய்.
அதற்கும் எலி மருந்து என்றுதானே சொல்ல வேண்டியிருக்கிறது.

எர்ணாவூரில் எங்கள் சந்தில்
எலி என்றால் பொறி, பசை அட்டை, துடைப்பக்கட்டை.
நான் ஞாயிற்றுக்கிழமை பிராட்வேயில்
எதற்கோ தீனியாகப் போகவிருந்த கூண்டிலிருந்து
இரண்டைக் காசு கொடுத்து வாங்கிவந்தேன்.
பட்டாணி, கடலை.
பகலெல்லாம் எடைமேடையில்
கன்டெய்னர் லாரிகளை டன் கணக்கில் எழுதுகிறவள்
ராத்திரி சமையல் தராசில்
ஐந்து கிராம் குறைந்ததற்குத் தூங்காமல் கிடந்தேன்.

முதலில் சத்தம்தான்.
டிக், டிக்.
பல்லி சொல்கிறது என்று நினைத்து
எந்தத் திசை, என்ன பலன் என்றுகூட யோசித்தேன்.
சுவரில் பல்லி இல்லை.
துண்டுக்குள் சுருண்டிருந்ததைத் தூக்கிக்
காதில் வைத்துக் கேட்டேன்.
அதன் விலாவுக்குள் இருந்தது பல்லி.
மூக்கோரம் சிவப்பாக ஏதோ.
துடைத்தால் குங்குமம்போல் விரலில் வந்தது.

வேப்பேரி ஆஸ்பத்திரி வரிசையில்
முன்னால் கால் வீங்கிய ஆடு,
பின்னால் லாப்ரடார்.
என் மடியில் ஷூ டப்பா.
"ரத்தம் இல்ல, பயப்படாதீங்க" என்றார் டாக்டர் திலோத்தமா.
"முடியலன்னா இதுங்களுக்குக் கண்ணீர் அப்படித்தான் செவக்கும்."
கிருமி தாயின் மூச்சிலிருந்தே வந்திருக்குமாம்.
போகாது. தூங்க வைக்கலாம், அவ்வளவுதான்.
எழுதிக்கொண்டே சொன்னார்:
தூசி ஆகாது, புகை ஆகாது,
அமோனியா வாடை ஆகவே ஆகாது.
"வீடு எங்க?"
சொன்னேன்.
பேனாவை மூடி வைத்தார்.

ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு கோடு அளவு
வாழைப்பழத்தில் குழைத்து.
பிரியாணி பக்கெட்டின் மூடியில்
ஸ்க்ரூடிரைவரைச் சுட வைத்து ஓட்டை போட்டு
என் நெபுலைசர் குழாயைச் சொருகினேன்.
என்னுடையதுதான்.
பத்தொன்பது வயதிலிருந்து எனக்கும் பல்லி உண்டு.
உள்ளே பனிமூட்டத்தில் பட்டாணி.
வெளியே கடலை
ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு
எங்கும் போகவில்லை.

ராத்திரி பதினொன்றுக்கு மேல்
மணலிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பும்.
ஜன்னலில் ஈரத்துண்டு கட்டினேன்.
காலையில் அது சாம்பல் நிறம்.
கடலை தும்மியது, பட்டாணி தும்மியது,
அப்புறம் நான்.

ஒன்பதாவது ராத்திரி கதவு தட்டப்பட்டது.
மேல்வீட்டுக் குணவதி,
இடுப்பில் ரூபன்.
ஆறு வயசுப் பையனை
இடுப்பில் தூக்குவாளா என்று கேட்பதற்குள்
அவன் மூச்சு கேட்டது.
"உன் மிஷின் ஒரு தபா..."
பக்கெட்டிலிருந்து குழாயைப் பிடுங்கினேன்.
"எலிக்குப் போட்டதா?"
மாஸ்க் வேற, மருந்து வேற, கழுவி வெச்சது, என்றேன்.
அவள் பக்கெட்டைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள்,
"போடு" என்றாள்.

மூவரும் இயந்திரத்தின் உறுமலில் உட்கார்ந்திருந்தோம்.
ரூபன் மாஸ்க்குக்குள்ளிருந்து
ஏதோ சொன்னான்.
விலக்கிக் கேட்டேன்.
"அதுக்கு?"
அடுத்தது அதுக்குத்தான்டா.
"சீக்கிரம் முடி அப்ப."

காலையில் தராசில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
சத்தம் இருந்தது,
காதில் வைத்தால் மட்டும்.

வேலைக்குக் கிளம்பினேன்.
குழாயடியில் குணவதி வைத்த பசை அட்டை.
அதில் ஒன்று.
சாக்கடை நிறம், வால் பாதி இல்லை.
விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
நேரம் ஏழே முக்கால்.
நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
தாண்டிப் போனேன்.

முதல் லாரி நாற்பத்திரண்டு டன்.
எழுதும்போது கை நின்றது.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
எழுதினேன்.