பஞ்ச் நம்பர் எழுபத்து மூன்று

குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பூட்டிவிட்டார்கள்.
இனி அது அசையாது.
நான்தான் அதைச் சுற்றி அசைய வேண்டும்:
மேலே கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம்,
கீழே குந்தி, கழுத்தை ஒடித்து,
சொட்டப் பார்க்கும் இரும்பைச் சொட்டவிடாமல்.

ராணிப்பேட்டை சிப்காட்.
அக்னி நட்சத்திரத்தின் ஏழாம் நாள்.
வெளியே தோல் ஷெட்டின் வாடை.
உள்ளே, அடுப்பில் காய்ந்த ராடு ஒவ்வொன்றாய் வருகிறது,
அப்பளம் மாதிரி; நமுத்தால் ஆகாது.

பதினோரு வருஷம் கேட்டும் கிரில்லும் அடித்தவன் நான்.
வாலாஜாவில் பாதித் தெரு ஜன்னல்களில்
நான் வளைத்த மயில்கள் நிற்கின்றன.
ஒருவரும் அவற்றை எக்ஸ்ரே எடுத்ததில்லை.
மயிலின் கழுத்துக்குள் ஒரு குமிழி இருந்தால்
யாருக்கு என்ன?

இது கொதிகலன் குழாய்.
இதற்குள் ஓடப்போவது நீராவி.
மேலே மீன்செதிலாக நான் அடுக்கியிருப்பதை
அது நின்று ரசித்துவிட்டுப் போகாது.
அடியில், ரூட்டில், ஒரு மயிரிழை விட்டிருந்தால்
அங்கேதான் வந்து தட்டும்.

முதல் தடவை தோற்றேன்.
நான்கு பட்டையாக அறுத்து
பிரஸ்ஸில் வைத்து மடக்கினார்கள்.
மூன்று மடங்கின, பணிவாக.
நாலாவது வாயைத் திறந்தது.
உள்ளே கடுகளவு கசடு.
மூன்று மில்லிவரை மன்னிப்பு உண்டு;
என்னுடையது ஐந்து.
இன்ஸ்பெக்டர் நசீர் அகமது திட்டவில்லை.
அளந்தார், எழுதினார்,
வெடித்த பட்டையை என் கையிலேயே கொடுத்தார்.
இன்னும் சுடுகிறது என்று நினைத்தேன்.
ஆறித்தான் இருந்தது.
வீட்டில் கரண்ட் பில் பறக்காமலிருக்க
சம்பங்கி அதைத்தான் வைக்கிறாள்.

இரண்டாம் தடவை ஃபிலிமில் கறுப்புக் கோடு இல்லை.
ஒரு தாள் வந்தது.
எத்திராஜ் நல்லவன் என்று அதில் இல்லை.
உழைப்பாளி என்றும் இல்லை.
இந்தப் போட்டோவில் இருப்பவன்
இந்த முறையில், இந்தத் தடிமன்வரை,
இந்தச் சாய்வில் அடிக்கத் தெரிந்தவன்.
அவ்வளவுதான்.
ஆறு மாசம் அந்த வேலையில் கை வைக்காவிட்டால்
அதுவும் இல்லை.
என்னைப் பற்றி இவ்வளவு கறாராக
யாரும் நல்லது சொன்னதில்லை.

கூடவே ஒரு நம்பர்.
ஜாயிண்டுக்கு ஓரத்தில் பஞ்சை வைத்து
சுத்தியால் ஒரே அடி.

போன செவ்வாய், ராத்திரி பத்தேகால்.
கேட்டில் லாரி உறுமிக்கொண்டிருக்கிறது.
காண்ட்ராக்டர் தணிகைவேல் நாலு ஜாயிண்டைக் காட்டுகிறார்.
"டில்லிபாபு அடிச்சதுபா. சூப்பரா கீது, பாரு.
உன் நம்பரத் தட்டிடு. ரெண்டு நிமிஷம்."

பார்த்தேன். சூப்பராகத்தான் இருந்தது.
என்னுடையதைவிட ஒரு பிடி நேர்த்தி.
டில்லிபாபு என்னைவிட ரெண்டு வயசு பெரியவன்.
கிளவுஸைக் கழற்றினான், மாட்டினான், கழற்றினான்.
அவனுக்கு டெஸ்ட் அடுத்த மாசம்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
அவனுக்கும்.

"இன்னாபா, ஒரு நம்பருக்கு இவ்ளோ பிகுவா?"

தூத்துக்குடியோ ராய்ச்சூரோ,
மூணாம் ஷிஃப்டில் ஒருவன் டீ கிளாஸோடு
இந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பான்.
முத்துக்கடை எங்கிருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.
முழங்கை உயரத்தில் பொறித்திருக்கும்
இரண்டு இலக்கத்தை நம்பி
முதுகைக் காட்டி நிற்பான்.

பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
"வெட்டி மறுபடி அடிக்கிறேன்" என்றேன்.
தணிகைவேல் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.
ரெண்டு நாள் கூலியும் போயிற்று.
லாரி டிரைவர் கேபினில் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

டில்லிபாபுதான் ராடு அடுப்பைப் போட்டான்.
முதல் ஜாயிண்டைக் கிரைண்டரால் திறந்தேன்.
உள்ளே சுத்தம்.
ஒரு புள்ளி இல்லை, ஒரு கசடு இல்லை.
பிழையே இல்லாத ஒன்றை
இரண்டாகப் பிளந்திருந்தேன்.

டில்லிபாபு என்னைப் பார்த்தான்.
நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
இரண்டாவதன் மேல் கிரைண்டரை வைத்தேன்.