தேடியது கிடைக்கவில்லை

ஆறு எண் போதும் இந்தத் தீவுக்கு.
தட்டியதும் புளோக்கே எழுந்து வந்து
லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு நிற்கும்.
ஐந்து வருடம் அப்படித்தான் விற்றோம்
ஊபியில், ஏழாம் மாடியில்,
மீன்தலைக் கறித்தூள், ரசப்பொடி, காய்ந்த இலைகள்.

இனி உலகத்துக்கு என்றாள் மைமூனா.
பாதிப் பங்கு அவளுடையது, மறுக்க முடியாது.

நகரம்? மாநிலம்? நாடு?
மூன்றையும் நிரப்பாமல் நகர மறுத்தது திரை.
சோதனைக்கு என் முகவரியையே இட்டேன்.
சிங்கப்பூர், ஒரு தரம்.
சிங்கப்பூர், இரண்டு தரம்.
சிங்கப்பூர், மூன்று தரம்.
கூடுதலாகக் கேட்க ஆளில்லாமல்
எனக்கே விழுந்தது ஊர்.

ஹாங்காங்காரருக்கு அஞ்சல் எண்ணே கிடையாது,
சிவப்புக் கோட்டுக்கு ஆறு முட்டை போட்டுச்
சமாதானம் செய்துவிட்டுப் போயிருந்தார்.
மதுரையிலிருந்தும் ஓர் ஆர்டர்
(கொல்லன் தெருவில் ஊசி விற்ற பெருமை எங்களுக்கு).
குடும்பப் பெயர் கட்டாயம் என்றதும்
அந்தப் பெண் ஒரு புள்ளி வைத்தாள்.
பெட்டியின் மேல் அச்சானது:
திருமதி புள்ளி.

வெள்ளியை யூரோவாக்கிய இரவில்
புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் நடந்த சண்டையில்
ஆறு யூரோத் தூள் அறுநூறுக்கு ஏறி
விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது.
யாரும் வாங்கவில்லை.
யாரோ ஒருவர் மட்டும் கூடையில் போட்டு
நாற்பது நிமிடம் யோசித்திருக்கிறார்.
அவரை நான் இன்னும் மதிக்கிறேன்.

உப்பு தேவையான அளவு.
எத்தனை கிராம், என்று எழுதிக் கேட்டார்
ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர்.
தேவை யாருடையது, என்றும் கேட்டிருந்தார்.
மைமூனா உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டி
நாக்கில் வைத்துக் காட்டினாள்.
அதைப் படம்பிடித்து அனுப்பினேன்.
பதில் வரவில்லை.
கடுகு வெடித்ததும், என்ற வரியால்
ஒரு பெட்டி ஒன்பது நாள் ஏதோவொரு சுங்கத்தில் கிடந்தது.

ஒரு பட்டியல் இருக்கிறது,
முதலாளிகள் அதிகம் பார்க்காதது.
வந்தவர்கள் தேடி, கிடைக்காமல் போன சொற்கள்.
அதில் ஒன்று பதினொரு முறை,
ஒரே தீவிலிருந்து, ரெயூனியன்,
ஒரே ஆள், வெவ்வேறு நாள்:
காலுப்பிலே.

அகராதியில் தேடினேன். பிரெஞ்சு இல்லை.
தட்டச்சுப் பிழையாக இருக்கும்,
ஆனால் பதினொரு முறையும் ஒரே பிழையா?
மணி பதினொன்று நாற்பது.
தூக்கத்தை விரட்ட வாய்விட்டுச் சொன்னேன்.
காலுப்பிலே. காலுப்பிலே.

பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள்
திரும்பாமலே சொன்னாள்:
"கறிவேப்பிலையா? மூணாவது தட்டுல இருக்கு."

கை விசையின் மேல் நின்றுவிட்டது.

பழைய ஆர்டர்களில் அவள் பெயரைத் தேடி எடுத்தேன்.
ஒதில்.
குடும்பப் பெயர்: சினாப்பையேன்.
எந்தக் கப்பலிலோ இறங்கி
வரிசையில் நின்ற ஒருவனிடம்
எழுத்தர் கேட்டிருப்பார் குடும்பப் பெயரை.
அன்றும் அந்தக் கட்டம் கட்டாயம்.
அவனுக்குப் புள்ளி வைக்கத் தெரியவில்லை.
வீட்டில் கூப்பிட்டதைச் சொல்லியிருப்பான்.

அச்சொல்லை இலையின் இன்னொரு பெயராகச் சேர்த்தேன்.
சேமித்தேன். தேடிப் பார்த்தேன்.
ஒரு முடிவு. இருப்பு: பதினான்கு பொட்டலம்.
அந்தத் தீவு இலையை உள்ளே விடுமா,
சுங்க விதியை நாளைதான் படிக்க வேண்டும்.

"இந்நேரத்துல யாரு கேக்குறது கறிவேப்பிலை?"
"சின்னப்பையன்" என்றேன்.
பற்களால் டேப்பைக் கடித்து அறுத்தபடி கேட்டாள்:
"காசு வச்சிருக்கானா?"