கொஞ்சம் இடப்பக்கம்

குளிர்கால டயருக்கு எடுத்து வைத்தது போக
கையில் இருநூற்றிருபது யூரோ.
மேசையில்
திரைக்கும் ரேலிகாவின் கற்றாழைக்கும் இடம் விட்டால்
பக்கத்துக்கு ஒரு ரொட்டி அகலம் மிச்சம்.

ஹெட்ஃபோன் போதாதா என்றார்கள்.
பகல் முழுக்க மர ஆலையில் காதுமூடியோடு நிற்பவன்
வீட்டிலும் எதையாவது மாட்டிக்கொள்வேனா?

தார்த்துவில் கடைப்பையன் டாவெட் நேர்மையானவன்.
"சப்வூஃபர் வேண்டாம்" என்றான் எடுத்த எடுப்பில்.
"மரவீடா? எந்தத் தெரு?"
உருளைக்கிழங்குத் தெரு.
(எங்கள் பேட்டையில் தெருக்களுக்கெல்லாம்
சூப்பில் போடுகிற பெயர்கள்.)
"அப்போது நீங்கள் போடுவதை
பீன்ஸ் தெருக்காரர் தரையில் உணர்வார்."

நூறு யூரோ ஜோடிக்கு மூக்கடைப்பு.
நூற்றைம்பது ஜோடிக்கு நீல விளக்கு எரிந்தது,
வேறொன்றும் இல்லை.
நானூறு ஜோடியை
அவன் எனக்குப் போட்டே காட்டியிருக்கக் கூடாது.

நான் கொண்டுபோனது ஒரே ஒரு பதிவு:
ரேலிகாவின் பாடகர் குழு, நவம்பர் ஒத்திகை.
நாற்பது பேர்.
இரண்டாம் வரிசை, இடது ஓரத்தில் அவள்.
நானூறில் அவள் மூச்சு வாங்கியது கேட்ட மாதிரி இருந்தது.
மாதிரி.

கடைசியில் பழையது.
ஆன்னெலினில் ஒன்பதாம் மாடி, லிஃப்ட் ஓடவில்லை.
மார்யா-லீஸ் எட்டு மாத வயிற்றோடு கதவைத் திறந்தாள்.
"தொட்டிலுக்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் விற்கமாட்டேன்."
கறுப்புப் பெட்டி இரண்டு, ஒவ்வொன்றின் முதுகிலும்
தனித்தனித் திருகு. நூற்றெழுபது.
பேரம் பேச வாய் வரவில்லை.
கேபிளுக்குப் பதினெட்டு: யானை வாங்கியவன்
அங்குசத்துக்கு முகம் சுளிக்கக் கூடாது.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி,
காது உயரத்துக்கு,
அடியில் இரண்டிரண்டு அகராதி.
இருவரும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பி.

போட்டேன்.
முப்பது பேர் பாடினார்கள்.

இடது பெட்டியில் கம்பளி சுற்றியது போல.
ச, ஷ எல்லாம் வலப்பக்கமே விழுந்தன.
கேபிளை மாற்றிக் குத்தினேன். இடதுதான்.
பெட்டிகளையே இடம் மாற்றினேன். இடதுதான்.
மார்யா-லீஸுக்கு எழுதினேன்:
"உடைந்ததை விற்றிருக்கிறீர்கள்."
அனுப்பும் முன் என்னவோ தோன்றி
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

இப்போது மங்கியது
மற்றது.

வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.
பதினாறு வருடம்
மேற்பார்வையாளர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று
காதுமூடியின் இடது பக்கத்தை மட்டும்
சற்றே தூக்கி வைத்திருப்பேன்.
அந்தப் பக்கம்தான் ரம்பம்.

செய்தியை அழித்தேன்.
பிறகு வேறு ஒன்று எழுதினேன்:
"பெட்டிகள் நன்றாக இருக்கின்றன. நல்லபடி பிறக்கட்டும்."

இடது பெட்டியின் திருகை
மயிரிழை, இன்னொரு மயிரிழை.
ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.
கடைசியாக அவள்,
நாலாவது அடிக்கு முன்னால்
கள்ளத்தனமாய் ஒரு மூச்சு.

ரேலிகா பனிக்காலணியைக் கழற்றிக்கொண்டே
"ஏன் நான் மட்டும் கத்துகிறேன்?" என்றாள்.
"சத்தமெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறதே."

சொன்னேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைக்குப் பின்னால் குனிந்து, பென்சிலால்
திருகைச் சுற்றி இரண்டு கோடு கிழித்தாள்:
ஒன்று நேராக, ஒன்று சாய்வாக.
"சாய்ந்தது உனக்கு."

முப்பத்திரண்டு யூரோ மிச்சம் இருக்கிறது.
ஸ்டாண்டு வாங்கலாம் என்றிருந்தேன்.
அகராதியே போதும்.
செவ்வாய்க்கிழமை டாக்டர் ஒரு பொத்தானைக் கையில் கொடுத்து
கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொல்வாராம்.