ஏழு நிமிட உறுப்பினர்கள்

பள்ளி ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
என் மேசை.
நியூ ஹாம்ப்ஷயர், ஜனவரி, வெளியே மைனஸ் பதினொன்று.
உள்ளே ஈரக் கம்பளியின் நெடி.

வாசலில் இரண்டு வரிசை.
ஒன்றில் யானைக்காரர்களின் சீட்டு
ஒன்றில் கழுதைக்காரர்களின் சீட்டு.
எக்கட்சியும் சாராதவர் என்று பட்டியலில் இருப்பவர்
எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.
வாங்கிய கணமே அந்தக் கட்சியின் உறுப்பினர்.
திரைக்குப் பின்னே போய் வட்டத்தை நிரப்பிவிட்டு
வெளியேறும் வழியில் என்னிடம்
ஒரு படிவம், ஒரு கையெழுத்து.
பழையபடி யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை.
மொத்தம் ஏழு நிமிடம் ஆகும்,
கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

முதல் தேர்தலில் எனக்கு வேலையே இல்லை.
குறுக்கெழுத்து போட்டேன்
நாலு எழுத்தில் ஒரு மீன், ஞாபகம் இருக்கிறது.
இன்று வரிசை என் மேசையில் தொடங்கி
கயிறு ஏறும் சுவர் வரை வளைந்து கிடக்கிறது.

பனி வாரும் லாரி ஓட்டும் மெர்ட்டன் ஹாஸ்கெல்.
பல் மருத்துவமனையில் கணக்கெழுதும் டெல்ஃபீன் ரூலோ.
அம்ரா ஹாஜிச், போஸ்னியாவிலிருந்து வந்தவள்,
நீ எந்தப் பக்கம் என்று கேட்டுக் கதவு தட்டிய இரவுகளை
யாரிடமும் சொல்லாதவள்.

இவர்கள் மகான்கள் என்று நான் சொல்லவில்லை.
இருபது வருடமாக ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு
ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து கை கழுவுகிறவர்கள்
யார் யார் என்று எனக்குத் தெரியும்.
மச்சானோடு சண்டை வேண்டாம் என்பதற்காகவே
பெயரில்லாமல் இருப்பவர்களும் உண்டு.
ஆனால் போன முறை இந்த ஊரில் வித்தியாசம்
பத்தொன்பது ஓட்டு.
அதிலிருந்து வேட்பாளர்களின் பேச்சில் உப்பு குறைந்துவிட்டது,
யாருக்கும் ரத்த அழுத்தம் ஏறக் கூடாதென்று.
ஒருவர் மட்டும் முன்னைவிடக் கத்துகிறார்.
அதுவும் பயம்தான்.

மாலை நாலு இருபதுக்குப் படிவம் தீர்ந்தது.
தலைமையாசிரியர் அறையின் நகல் இயந்திரம்
குளிரில் விறைத்துக் கிடந்தது.
எழுந்து நின்று சொன்னேன்:
நகராட்சிக்கு வேறொரு நாள் வந்து கையெழுத்துப் போடலாம்,
எதுவும் குடிமுழுகிவிடாது.

அறுபத்திரண்டு பேர்.
ஒருவரும் அசையவில்லை.

"ஒரு ராத்திரி கட்சிக்காரரா இருந்தா என்ன?"
"ராத்திரிதானே போன் அடிப்பான்" என்றார் மெர்ட்டன்.
அம்ரா சிரிக்கவில்லை.
கோட்டைக் கழற்றி மடியில் வைத்து
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே பதாகை பிடித்து நின்ற பிள்ளைகள்
கண்ணாடி வழியே இந்த வரிசையைப் பார்த்தார்கள்.
மதில்மேல் பூனைகள் என்று
நேற்று வரை வைதவர்கள்
இன்று மதிலடிக்கே பால் கொண்டுவந்தார்கள்.
ஒரு பக்கத்துப் பெண்ணிடம் டோனட் பெட்டி
மறுபக்கத்துப் பையனிடம் காபிக் குடுவை.
வாசலில் அதிகாரி மறித்தார்.
சின்னத்தோடு உள்ளே வரக் கூடாது.
தொப்பி, பேட்ஜ், கழுத்துத் துண்டு
எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு
இருவரும் வந்தார்கள்.
அரைமணி நேரம் காபி ஊற்றினார்கள்.
யார் யாருடைய ஆள் என்று
கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இயந்திரம் ஒருவழியாக இருமி எழுந்தது.
ஒவ்வொரு பிரதியிலும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.
அதன் மேலேயே கையெழுத்திட்டார்கள்.

இரவு, வீட்டுக்குப் போகும் வழியில் வானொலி:
"கட்சி உறுப்பினர்கள் தங்கள் தீர்ப்பை வழங்கிவிட்டார்கள்."
பக்கத்து இருக்கையில்
ரப்பர் பேண்டு போட்ட கட்டு, முந்நூற்றுத் தொண்ணூறு படிவம்,
வளைவுகளில் என் பக்கமும் கதவுப் பக்கமும்
சரிந்து சரிந்து வந்தது.

மறுநாள் காலை ஜிம்மைத் திறந்தபோது
வாசலருகே தரையில் ஒரு பேட்ஜ்
குப்புறக் கிடந்தது, ஊசி மட்டும் தெரிய.
புரட்டிப் பார்க்கவில்லை.
காணாமல்போன பொருள் டப்பாவில் போட்டேன்,
குழந்தைகளின் ஒற்றைக் கையுறைகளோடு.