இரண்டு புள்ளி ஏழு

கடலூர் ஓ.டி.யில், துறைமுகத்துக்குப் பின்னால்,
ஐஸ் பேக்டரியின் குளிர் அறைச் சுவரில்
நான் செய்த பெட்டி தொங்குகிறது.
சோப்புப் பெட்டி அளவுதான்.
நிமிடத்துக்கு ஒரு தரம் குளிரை எழுதிக்கொள்ளும்,
கதவு திறந்தால் அதையும்.

ஐப்பசியில் மூன்று இரவுகள் அது எழுதியது:
2.41. கதவு திறந்திருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு டிகிரி.

இருநூற்றுப் பதினான்கை யாரும் நம்பவில்லை.
கதவை நம்பினார்கள்.

இராக்காவல் கஜபதிக்கு மூன்று நாள் கூலி பிடித்தம்.
முதலாளி தெய்வசிகாமணி போனில் சொன்னார்:
“மிஷின் எதுக்கும்மா பொய் சொல்லப் போவுது?”

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தேன்,
மல்டிமீட்டர் மடியில்.
பகல் முழுக்க மூன்று புள்ளி மூன்று வோல்ட்,
ஒரு சுருக்கம் இல்லை.
கஜபதிதான் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
“ரெண்டே முக்கால் வரைக்கும் இருந்து பாருங்க மேடம்.
பெரிய கம்ப்ரசர் எழும்போது டியூப்லைட் சுண்டும்.
ஒங்க பச்ச லைட் அணையாது.
தூங்கி விழும்.”

இருந்தேன்.
வெளியே ஐஸ் ஏற்ற வந்த விசைப்படகுக்காரர்கள்
பீடிப் புகையோடு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.
நாற்பது குதிரை மோட்டார் ஒரு தரம் உறுமியது.
கட்டடத்து மின்சாரத்தையெல்லாம் ஒரே மடக்கில் குடித்தது.
பச்சை விளக்கு
தூங்கி விழுந்தது.

முழுசாகச் செத்திருந்தால் குற்றமில்லை.
செத்தது எதையும் எழுதாது.
இது அரை உயிர்: கை ஓடுகிறது, பேனா ஓடுகிறது,
எந்தக் கோட்டில் எழுதுகிறோம் என்பது மட்டும் போய்விட்டது.

அந்த நேரத்தில் தட்டி நிறுத்த
சில்லுக்குள்ளேயே ஒரு காவல் உண்டு.
அணைத்து வைத்தது நான்.
பேட்டரியில் ஓடிய பழைய நாட்களில்,
இருபது மைக்ரோ ஆம்பியர் மிச்சம் என்று.

தன் தெம்பைத் தானே அளப்பது சுலபமில்லை.
அளவுகோலும் அதே மின்சாரத்தில்தான் நிற்கிறது,
அது தளரும்போது கோலும் குட்டையாகிறது.
ஆனால் சிலிக்கானுக்குள் ஓர் ஓரம்
ஒன்று புள்ளி ஒன்று வோல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது,
வரவு கூடினாலும் குறைந்தாலும் எழுந்திருக்காமல்.
குட்டையாகும் கோலால்
அந்த அசையாததை அளக்கச் சொன்னேன்.

341.
341.
372.
417.

எண் ஏறுகிறது என்றால்
பெட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது.

கஜபதி எட்டிப் பார்த்தார்.
“வட்டிக் கணக்கு மாதிரி” என்றார்.
“வட்டி அதேதான். கையில காசு கொறையக் கொறைய
அது பெருசாத் தெரியும்.”
நான் குறிப்பேட்டில் இதை எழுதிக்கொண்டதை
அவர் கவனிக்கவில்லை.

காவலை எழுப்பினேன். எல்லை: 2.7.
அதற்குக் கீழே ஓர் எழுத்தும் கூடாது.
பேனாவை மூடு, படு,
மின்சாரம் திரும்பினால் முதல் வரியிலிருந்து தொடங்கு.
பக்கத்தில் ஒரு பெரிய கெபாசிட்டரும் வைத்துச் சூடு வைத்தேன்,
மூச்சு வாங்க ஒரு நொடி கிடைக்கட்டும் என்று.

மறுநாள் தாள்:

2.40. மைனஸ் பதினெட்டு.
2.41.
2.42. மின்குறைவு, நின்று எழுந்தேன். மைனஸ் பதினெட்டு.

முதலாளியின் விரல் நடுவில் நின்றது.
“இந்த எடம் ஏன் காலியா இருக்கு?”
“அப்ப அதுக்குத் தெரியாது சார்.”
“தெரியாதுன்னு சொல்றதுக்கா பதினோராயிரம் குடுத்தேன்?”

காவலை அணைத்தது நான்தான் என்று
பேக்டரியின் லெட்டர்பேடிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
படித்தார், மறுபடி படித்தார், கல்லாவைத் திறந்தார்.
இரண்டு நாள் கூலி வந்தது.
மூன்றாவது நாள், “அடுத்த மாசம் பாக்கலாம்.”

அன்று இரவும் தங்கினேன், கெபாசிட்டர் மேல் நம்பிக்கை வராமல்.
கஜபதி நோட்டுகளை எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தார்.
டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
மணி 2.39.