மூன்றாவது ரோலர்

கட்டபெட்டு ரோட்டில் எங்கள் ஃபேக்டரி மதிலை ஒட்டி
பழைய மேனேஜர் பங்களா இப்போது விடுதி.
சனிக்கிழமை என்றால்
டும் டும் டும் டும்.
நிமிஷத்துக்கு நூற்றியிருபத்தெட்டு.
எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி.
காதுக்கு வருமுன் அது தரைவழியாக வந்துவிடுகிறது.

நான் இரவு ஷிப்ட் ஃபிட்டர்.
ஸ்க்ரூ டிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து
பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பேன்.
டாக்டர் மாதிரி என்பார்கள்.
டாக்டரிடம் நோயாளி வாய் திறந்து சொல்வான்.

அந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்றால்
யோகராணி சிரிக்கிறாள்.
வயசாயிருச்சு உனக்கு என்கிறாள்.
முப்பத்தாறு முடியவில்லை இன்னும்.
சத்தம் அதிகம் என்பதா?
ரோலர் பக்கத்தில் பதினோரு வருஷம் நின்றவன்
சத்தத்தைக் குறை சொன்னால் அடுக்குமா?
மெஷின் போட்ட பாட்டு என்பதா?
மெஷின்தான் எனக்குச் சோறு.

சரியாக ஓடும் மெஷினை யாரும் கேட்பதில்லை.
பேரிங் தேயும்போது, பெல்ட் தளரும்போது,
பல்லிடுக்கில் ஒரு காம்பு மாட்டும்போது
காது விழிக்கும்.
இது தேய்வதே இல்லை.
ஒரு தடவையாவது மயிரிழை பிந்தி விழாதா என்று
மூன்று சனிக்கிழமை காத்திருந்தேன்.

இன்னொன்று.
ஒவ்வொரு அடிக்கும் மற்ற சத்தமெல்லாம்
அமுங்கி வழிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?
எஸ்டேட் ஜீப் வந்தால்
கொழுந்து மூட்டையோடு ஓரம் ஒதுங்கி
போனதும் ரோட்டுக்கு ஏறுவோமே,
அதேதான்.
ஒதுங்கி, ஏறி, ஒதுங்கி, ஏறி.
ஒரு பெண் குரல் உண்டு அதில், பாவம்,
ஒரு சொல்லையும் முழுதாக முடித்ததில்லை.

அப்புறம் அந்த ஏற்றம்.
ஏறுகிறது, ஏறுகிறது, மூச்சு முட்ட ஏறுகிறது,
எல்லாம் ஒரு கணம் நிற்கிறது.
உச்சிக்கு வந்துவிட்டோம்,
ஏதோ தெரியப்போகிறது என்று நிமிர்ந்தால்
புறப்பட்ட இடம்.
அதே டும்.
அதற்கு ஒரு கூச்சல் வேறு.

இதையெல்லாம் யோகராணியிடம் சொன்னேன்.
டிரையர் வாயில் தூளை வாரிக்கொண்டே கேட்டாள்.
"நீ பழுது தேடுறவன்.
தேட ஒண்ணுமில்லாட்டி ஒனக்குப் பொழுது போகாது.
எனக்கு வீட்டுல மாமியா இருமல் மாறுதான்னு கேட்கணும்,
புள்ளைக்கு மூச்சு இழுக்குதான்னு கேட்கணும்,
இங்க வந்தா நெருப்பு சத்தத்தைக் கேட்கணும்.
எதையும் கேட்க வேணாம், சும்மா ஆடுன்னு
ஒரு சத்தம் சொன்னா
எனக்குப் பிடிக்குது, போ."
சொல்லிவிட்டு
மூட்டைகளுக்கு நடுவே, மாஸ்க்கோடு,
தோளை மட்டும் அசைத்து நாலு அடி ஆடினாள்.

என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது ரோலர் ரெண்டு மாசமாக நொண்டுகிறது.
டக், ட-டக். டக், ட-டக்.
மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தவன் நான்தான்.
கோயம்புத்தூரிலிருந்து புது பேரிங் வந்து
எண்ணெய்த்தாளுக்குள் மேஜைமேல் கிடக்கிறது.
காலை ஆறு மணிக்கு நிறுத்தி மாட்ட வேண்டும்.

ரெண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
மதிலின் இருபக்கமும் இருட்டு.
தகரக் கூரையில் மழை இருந்தது
அப்போதுதான் தெரிந்தது.
அவர்கள் ஜெனரேட்டர் முந்திக்கொண்டது,
பிறகு எங்களுடையது.
ரோலர்கள் முனகி எழுந்து
வேகம் பிடிக்கிற வழியில்
நொண்டியின் அடியும் அவர்கள் அடியும்
ஒன்றுக்குள் ஒன்று விழுந்தன.
டும். ட-டக். டும். ட-டக்.
பதினாறு அடி இருக்கும்.
ஸ்பேனரோடு நின்றேன்.
பூட்ஸுக்குள் கால் பெருவிரல் என்னவோ செய்தது.
அப்புறம் விலகிவிட்டது.

யோகராணி திரும்பிப் பார்த்து
"என்ன?" என்றாள்.

பேரிங் சூடு, என்றேன்.