எடுக்காதே 14

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவன்
அவளுடைய சீப்பிலிருந்து ஒரு முடியை உருவி
பர்ஸில் வைத்துக்கொண்டான்.
பால்கனியில் விசில்.
பின்வரிசையில் எவனோ சொன்னான்:
"பாவம்டா, என்னமா லவ் பண்றான்."

மன்னார்குடியில் மாலைக் காட்சி.
பக்கத்து இருக்கையில் வான்மதி.
டிக்கெட், பாப்கார்ன், பஸ் காசு எல்லாம் அவள் செலவு.
மருந்துக்கடையில் என்னோடு நிற்பவள்.
அவனுக்குத் தங்கை.
போலீஸ் ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்ததைத்
திரும்ப வாங்கச் சொல்லி
இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.
அதனால்தான் வந்தேன்.

படத்தில் அவன் வருவதற்கு முன்பே
வயலின் வந்துவிடுகிறது.
எவ்வளவு மரியாதை.
கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று
முந்நூறு பேருக்குத் தெரியும், அவளைத் தவிர.

வலங்கைமானில் எங்கள் கொல்லைக்கு அப்பால் வயல்.
நடவு முடிந்த ராத்திரிகளில்
தவளைகள் ஊரையே தூக்கிக்கொண்டு போகும்.
திடீரென்று நிறுத்தும்.
வரப்பில் யாரோ நடக்கிறார்கள் என்று அர்த்தம்.
தண்ணீர் பார்க்கப் போகிறவர்
டார்ச் அடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு போவார்.
இது டார்ச் இல்லாத நிறுத்தம்.
எனக்கு வாய்த்த பின்னணி இசை அதுதான்,
தவளை கத்தாதது.

திரையில் காமிரா அவன் தோளில் உட்கார்ந்திருக்கிறது.
அவள் முதுகு, அவள் ஜடை,
அவள் திரும்பிப் பார்க்காத பஸ் நிறுத்தம்.
இரண்டரை மணி நேரம்
எல்லோரும் அவன் கண்ணால் அவளைத் துரத்தினோம்.
நானும்தான்.
ஓரிடத்தில் அவள் சுவரேறித் தப்பிக்கும்போது
"அய்யோ" என்று என் வாயிலிருந்து வந்தது,
யாருக்காக என்று இன்னும் தெரியவில்லை.

கடைசியில் அவன் செத்தான்.
மழையில், நிதானமாக, வசனம் பேசி.
அவள் அழுதாள். அழவைத்தார்கள்.

எங்கள் ஆள் சாகிற மாதிரி இல்லை.
பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறான்,
வேலை சுத்தம் என்று ஊரில் பேர்.
சிம் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறான்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துச் சேமிக்கிறேன்:
எடுக்காதே 1, எடுக்காதே 2,
பதிமூன்று வரை வந்திருக்கிறது.
நானும் எண் மாற்றினேன், மூன்று தடவை.
மூன்றாவது எண் அம்மாவுக்கும் கடைக்கும் மட்டும்.

நீடாமங்கலம் கேட்.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
முன்னால் போகிறது, பின்னால் வருகிறது,
எதையோ வைத்துவிட்டு வந்தவன் மாதிரி.
கும்பகோணம் பஸ் எஞ்சினை அணைத்துக்கொண்டது.
கடலைக்காரர் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டினார்.
எங்கள் ஜன்னலுக்கு வந்தபோது
என்னைவிட வான்மதி அதிகமாகத் துள்ளினாள்.

அப்புறம், பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே:
"அந்த மூணாவது நம்பரை நான்தான் குடுத்தேன்.
குடுக்கலைன்னா கிணத்துல குதிப்பேன்னான்.
குதிக்க மாட்டான்னு தெரியும்.
இருந்தும் குடுத்தேன்."

ஒரு கடலையை உரித்தாள். தின்னவில்லை.

"படத்துல அவ ஃப்ரெண்டு ஒருத்தி வருவாளே,
அட்ரஸ் சொல்லிவிடுற சீன்.
அதுக்கப்புறம் அவளைக் காட்டவே இல்லை,
கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை.

கூட்ஸ் மறுபடி பின்னால் வந்தது.
கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
யாரும் ஹார்ன் அடிக்காத ஒரு நிமிஷம்.
கையில் போன் அதிர்ந்தது.
இன்னும் பெயர் வைக்காத எண்.

அவள் மடியில் வைத்தேன்,
கடலைத் தோல்களின் மேல்.

"எடு," என்றேன்.